கலை, வடிவமைப்பு முதுநிலைப் படிப்புகளில் சேரத் தகுதி என்ன? எல்லைப் பகுதி மாணவர்கள் அறிய வேண்டியவை

குமுளி: கலை மற்றும் வடிவமைப்புத் துறைகளில் முதுநிலைப் பட்டம் பெற விரும்புவோர் நுழைவுத் தேர்வுக்குத் தயாராவதற்கு முன்பே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நுழைவுத் தேர்வை எழுதுவதற்கான தகுதியும், கல்லூரியில் இடம் பெறுவதற்கான தகுதியும் ஒன்றுதானா என்பதே அக்கேள்வி. பல நிறுவனங்களில் இவை இரண்டும் ஒன்றல்ல. தமிழில் இரண்டையும் 'தகுதி' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவதால், அறிவிப்புகளைப் படிக்கும் மாணவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டுவிட வாய்ப்புள்ளது.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ள குமுளி, பீர்மேடு, வண்டிப்பெரியார், வண்டன்மேடு பகுதிகளிலும், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டாரத்திலும் தமிழ் பேசும் குடும்பங்கள் பெருமளவில் வாழ்கின்றன. இக்குடும்பங்களின் மாணவர்கள் கேரளக் கல்லூரி, தமிழகக் கல்லூரி, மத்திய அரசு நிறுவனம் ஆகிய மூன்று வழிகளையும் நாடக்கூடியவர்கள். ஒவ்வொரு வழிக்கும் கல்வித் தகுதி மாறுபடுவதுடன், கேட்கப்படும் சான்றிதழ்களும் மாறுபடுகின்றன. அந்த விவரங்கள் இங்குத் தொகுத்து அளிக்கப்படுகின்றன.

இரு வேறு பட்டங்கள்

கலைத் துறையில் வழங்கப்படும் முதுநிலைப் பட்டங்களில் முதன்மையானது எம்.எஃப்.ஏ. எனப்படும் நுண்கலை முதுநிலைப் பட்டமாகும். ஓவியம், சிற்பம், பதிப்போவியம், சுடுமண் கலை, காட்சித் தொடர்பியல் உள்ளிட்ட பிரிவுகளில் இது வழங்கப்படுகிறது. சில பல்கலைக்கழகங்களில் இதே நிலையிலான பட்டம் எம்.வி.ஏ. என்று அழைக்கப்படுகிறது.

வடிவமைப்புத் துறையில் வழங்கப்படுவது எம்.டெஸ். பட்டமாகும். தொழிற்பொருள் வடிவமைப்பு, காட்சித் தொடர்பியல், அசைவூட்டம், ஊடாட்ட வடிவமைப்பு, ஆடை வடிவமைப்பு, துணி வடிவமைப்பு போன்றவை இதன் பிரிவுகள்.

இவ்விரு பட்டங்களுக்கும் இடையே சேர்க்கையில் அடிப்படையான வேறுபாடு உள்ளது. எம்.எஃப்.ஏ. படிப்புக்குப் பெரும்பாலும் அதே பிரிவில் இளநிலை நுண்கலைப் பட்டமான பி.எஃப்.ஏ. பெற்றிருக்க வேண்டும். எம்.டெஸ். படிப்பிலோ பொறியியல், கட்டடக்கலை, நுண்கலை எனப் பல துறைப் பட்டதாரிகளும் சேர வழி உண்டு. எனவே வரைவதில் ஆர்வம் இருந்தும் வேறு பாடத்தில் பட்டம் பெற்றுவிட்ட ஒருவருக்கு, எம்.எஃப்.ஏ. கதவு பெரும்பாலும் மூடியிருக்கும், எம்.டெஸ். கதவு திறந்திருக்க வாய்ப்புண்டு.

சீட் தேர்வு

இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் (ஐஐடி), பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் உள்ளிட்ட நிறுவனங்களின் எம்.டெஸ். சேர்க்கைக்கு அடிப்படையாக இருப்பது, மும்பை ஐஐடி நடத்தும் வடிவமைப்புக்கான பொது நுழைவுத் தேர்வாகும். இது சுருக்கமாக 'சீட்' என அழைக்கப்படுகிறது. வழக்கமாக ஜனவரி மாதத்தில் இத்தேர்வு நடைபெறுகிறது.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் குறைந்தது 3 ஆண்டு கால அளவுள்ள பட்டம் அல்லது பட்டயம் பெற்றவர்களும், அதன் இறுதித் தேர்வை எழுதவிருப்பவர்களும் சீட் தேர்வை எழுதலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் ஐந்தாண்டு ஜி.டி. ஆர்ட் பட்டயம் பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். பெற்ற மதிப்பெண் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும்.

மொத்தம் 3 மணி நேரம் நடைபெறும் இத்தேர்வு இரு பகுதிகளைக் கொண்டது. முதல் பகுதி கணினி வழியில் விடையளிக்கும் கொள்குறி வினாக்களால் ஆனது. இரண்டாம் பகுதி தாளில் வரைந்தும் எழுதியும் விடையளிக்க வேண்டியது. முதல் பகுதியில் உரிய மதிப்பெண் பெற்றவர்களின் இரண்டாம் பகுதி விடைத்தாள்கள் மட்டுமே திருத்தப்படுகின்றன. வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே அமைந்திருக்கும் என்பதைத் தமிழ் வழியில் பயின்ற மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

தேர்வெழுதும் தகுதி வேறு, சேர்க்கைத் தகுதி வேறு

மூன்றாண்டு பி.ஏ. அல்லது பி.எஸ்சி. பட்டம் பெற்ற மாணவர் சீட் தேர்வை எழுதலாம். நல்ல மதிப்பெண்ணும் பெறலாம். ஆனால் அந்த மதிப்பெண்ணைக் கொண்டு எல்லா நிறுவனங்களிலும் சேர்ந்துவிட இயலாது. சீட் தேர்வில் தேர்ச்சி பெறுவது சேர்க்கைக்கு உத்தரவாதம் ஆகாது. ஒவ்வொரு நிறுவனமும் தனியே விண்ணப்பம் பெற்று, தனது கல்வித் தகுதியைச் சரிபார்த்து, தனியே தேர்வோ நேர்காணலோ நடத்துகிறது.

மும்பை ஐஐடியில் 1969ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஐடிசி வடிவமைப்புப் பள்ளியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். பொறியியல், கட்டடக்கலை, வடிவமைப்பு ஆகியவற்றில் பட்டம் பெற்றவர்களும், நான்காண்டு பி.எஃப்.ஏ. முடித்தவர்களும் அதன் சேர்க்கைப் பட்டியலில் இடம்பெறுகின்றனர். கலை அல்லது அறிவியல் பாடம் பயின்றவர்களிடம் முதுகலைப் பட்டம் எதிர்பார்க்கப்படுகிறது. ஆகவே மூன்றாண்டு பட்டம் மட்டுமே பெற்ற ஒருவர், தேர்வுக் கூடத்துக்குள் நுழைய முடிந்தாலும் வகுப்பறைக்குள் நுழைய முடியாமல் போகலாம். இந்திய அறிவியல் கழகத்தின் எம்.டெஸ். படிப்பு பொறியியல், கட்டடக்கலை, வடிவமைப்புப் பட்டதாரிகளுக்கு உரியது.

இதனால் ஏற்படும் இழப்பு தேர்வுக் கட்டணத்தோடு முடிவதில்லை. ஓராண்டுக் காலமும் வீணாகிறது. குமுளியில் ரயில் வசதி இல்லை; இடுக்கி மாவட்டத்திலேயே ரயில் நிலையம் இல்லை. தொலைவிலுள்ள நகரங்களுக்குப் பேருந்தில் சென்று தேர்வெழுதித் திரும்பும் தோட்டத் தொழிலாளர் குடும்பத்து மாணவருக்கு இது சிறிய இழப்பு அன்று. விரும்பும் நிறுவனத்தின் சேர்க்கைக் கையேட்டை முதலில் படித்து, அதன் பிறகே தேர்வுக்கு விண்ணப்பிப்பது முறையாகும்.

நான்காண்டு இளநிலைப் பட்டம்

கேரளத்தில் 2024-25 கல்வியாண்டு முதல் நான்காண்டு இளநிலைப் பட்டப்படிப்பு முறை நடைமுறைக்கு வந்துள்ளது. இம்முறையில் மூன்றாம் ஆண்டின் முடிவில் பட்டத்துடன் வெளியேறலாம். நான்காம் ஆண்டையும் முடித்தால் ஆனர்ஸ் பட்டம் கிடைக்கும். மூன்று ஆண்டுகளில் வெளியேறுவதா, நான்காம் ஆண்டைத் தொடர்வதா என்று முடிவெடுக்கும் நிலையில் உள்ள மாணவர்கள், தாங்கள் சேர விரும்பும் முதுநிலைப் படிப்பு எத்தனை ஆண்டு பட்டத்தைக் கேட்கிறது என்பதைப் பார்த்து முடிவெடுப்பது நல்லது.

நான்காண்டு ஆனர்ஸ் பட்டமும், தொழிற்கல்விப் பட்டமாகக் கருதப்படும் நான்காண்டு பி.எஃப்.ஏ. அல்லது பி.டெஸ். பட்டமும் கால அளவில் ஒத்தவை என்றாலும், எல்லா நிறுவனங்களும் இவற்றைச் சமமாகக் கொள்ளும் எனக் கருதிவிடக் கூடாது. ஐயம் இருப்பின், சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்து வடிவில் பதில் பெற்றுக்கொள்வது பாதுகாப்பானது.

என்ஐடி, நிஃப்ட்

அகமதாபாத்தில் 1961ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்ஐடி), அகமதாபாத், காந்திநகர், பெங்களூரு ஆகிய வளாகங்களில் எம்.டெஸ். படிப்பை இரண்டரை ஆண்டு காலப் படிப்பாக நடத்துகிறது. 'டாட்' எனப்படும் வடிவமைப்புத் திறனறித் தேர்வின் மூலம் சேர்க்கை நடைபெறுகிறது. முதல்நிலைத் தேர்வில் தேர்ச்சி பெறுவோர், முதன்மைத் தேர்வில் அந்தந்தப் பாடப்பிரிவுக்குரிய செய்முறைத் தேர்வையும் நேர்காணலையும் எதிர்கொள்ள வேண்டும். பலதுறைப் பட்டதாரிகளை ஏற்பது இந்நிறுவனத்தின் இயல்பு. எனினும், பட்டப்படிப்பின் கால அளவு குறித்த நிபந்தனையை அந்தந்த ஆண்டின் கையேட்டில் சரிபார்க்க வேண்டும். துணி வடிவமைப்பு, சுடுமண் மற்றும் கண்ணாடி வடிவமைப்பு ஆகியவை அகமதாபாத்திலும், ஊடாட்ட வடிவமைப்பு, கணினி விளையாட்டு வடிவமைப்பு போன்றவை பெங்களூருவிலும் கற்பிக்கப்படுகின்றன. எனவே பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே வளாகமும் முடிவாகிவிடுகிறது.

தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் (நிஃப்ட்) 1986ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இதன் வளாகங்கள் சென்னையிலும் கேரளத்தின் கண்ணூரிலும் உள்ளன. இங்கு எம்.டெஸ். படிப்புக்கும், ஆடைத் தொழில் மேலாண்மைக்கான முதுநிலைப் படிப்புக்கும் எந்தத் துறையிலும் குறைந்தது 3 ஆண்டு பட்டம் பெற்றிருந்தால் போதுமானது. முதுநிலைப் படிப்புகளுக்கு வயது வரம்பு இல்லை. ஆடைத் தொழில்நுட்ப முதுநிலைப் படிப்பு மட்டும், நிஃப்ட் நிறுவனத்தில் அத்துறைப் பட்டம் பெற்றவர்களுக்கும் பி.இ., பி.டெக். பட்டதாரிகளுக்கும் உரியது.

எம்.டெஸ். படிப்புக்கான நிஃப்ட் தரவரிசையில் படைப்பாற்றல் தேர்வுக்கு 40 சதவீதமும், பொதுத் திறன் தேர்வுக்கு 30 சதவீதமும், நேர்காணலுக்கு 30 சதவீதமும் ஒதுக்கப்படுகின்றன. பொதுத் திறன் தேர்வில் ஆங்கில மொழியறிவும் கணக்கிடப்படுகிறது. மூன்றாண்டு பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. பட்டம் பெற்ற எல்லைப் பகுதி மாணவர்களுக்குத் தடை குறைந்த வழி இதுவே எனலாம்.

நுண்கலை முதுநிலைப் பட்டம்

கேரளத்தில் திருப்பூணித்துறை ஆர்எல்வி இசை மற்றும் நுண்கலைக் கல்லூரி, திருவனந்தபுரம் அரசு நுண்கலைக் கல்லூரி, காலடி ஸ்ரீ சங்கராச்சாரியார் சமஸ்கிருதப் பல்கலைக்கழகம் ஆகியவை எம்.எஃப்.ஏ. கல்வி அளிக்கும் நிறுவனங்களில் அடங்கும். தமிழகத்தில் சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகள், தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின்கீழ் செயல்படுகின்றன. சென்னைக் கல்லூரி 1850ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவரால் தொடங்கப்பட்ட கலைப்பள்ளியின் தொடர்ச்சியாகும். தென்னிந்தியாவுக்கு வெளியே, சாந்திநிகேதனில் 1919ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கலாபவனமும், வதோதரா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலமும் நாடு முழுவதிலுமிருந்து மாணவர்களை ஈர்க்கின்றன.

இக்கல்லூரிகளில் பொதுவாக உரிய பிரிவில் பி.எஃப்.ஏ. பட்டமும் குறைந்தபட்ச மதிப்பெண்ணும் கேட்கப்படுகின்றன. ஓவியத்தில் பட்டம் பெற்றவர் சிற்பத்துக்கு விண்ணப்பிக்க முடியுமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். செய்முறைத் தேர்வு, படைப்புகளின் மதிப்பீடு, நேர்காணல் ஆகியவற்றின் அடிப்படையில் தேர்வு நடைபெறும்.

கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர் பணியை விரும்புவோருக்கு எம்.எஃப்.ஏ. பட்டம் முக்கியமானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தகுதித் தேர்வில் காட்சிக் கலை தனிப்பாடமாக இடம்பெற்றுள்ளது.

வேறு பாடம் படித்தவர்களுக்கு வழி உண்டா?

நுண்கலையில் இளநிலைப் பட்டம் இல்லாதவர்கள் கலைத் துறையில் உயர்நிலையை எட்ட முடியாது என்று கருத வேண்டியதில்லை. கேரளத்தின் கூத்துப்பறம்பில் 1924ஆம் ஆண்டு தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்த ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன், சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்றவர். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் பங்கேற்றுச் சிறை சென்ற பின்னர், 1944ஆம் ஆண்டு கலாபவனத்தில் சேர்ந்தார். பின்னாளில் வதோதராவிலும் சாந்திநிகேதனிலும் பேராசிரியராகப் பணியாற்றிய அவருக்கு 2012ஆம் ஆண்டு பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. ஆற்றிங்கலில் பிறந்த ஓவியர் ஏ. ராமச்சந்திரன், மலையாள இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற பிறகே சாந்திநிகேதன் சென்று ஓவியம் பயின்றார்.

அக்காலத்து நடைமுறைகள் இன்று அப்படியே இல்லை. எனினும் வேறு பாடம் படித்தவர்களுக்கு இன்றும் மூன்று வழிகள் உள்ளன. எந்தத் துறைப் பட்டதாரியையும் ஏற்கும் எம்.டெஸ். படிப்புகள் முதல் வழி. கலை வரலாறு, அழகியல் போன்ற ஆய்வு சார்ந்த முதுகலைப் படிப்புகள் இரண்டாவது வழி. எடுத்துக்காட்டாக, தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கலை மற்றும் அழகியல் முதுகலைப் படிப்பில் பிற துறைப் பட்டதாரிகளும் சேரலாம். பி.எஃப்.ஏ. படிப்பில் புதிதாகச் சேர்ந்து தொடங்குவது மூன்றாவது வழி. இது நீண்டதாயினும், ஓவியராகவோ சிற்பியாகவோ பயிற்சி பெற விரும்புவோர் எண்ணிப் பார்க்க வேண்டியது.

படைப்புத் தொகுப்பு

நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கு அடுத்து, நேர்காணலில் முடிவைத் தீர்மானிப்பது படைப்புத் தொகுப்பாகும். போர்ட்ஃபோலியோ எனப்படும் இத்தொகுப்பில் முடிவுற்ற படைப்புகளுடன், அவை உருவான படிநிலைகளும் இடம்பெற வேண்டும். முதல் கோட்டுப் படம், கைவிட்ட முயற்சிகள், மாற்றியமைத்ததற்கான காரணம் ஆகியவற்றையும் தேர்வாளர்கள் கேட்பது வழக்கம்.

இணையத்தில் கிடைக்கும் படங்களைப் பார்த்து வரைந்தவற்றை விட, மாணவர் நேரில் கண்டு வரைந்தவை அவரது கவனிப்பை நன்கு புலப்படுத்தும். ஏலத்தோட்டத்தில் காய் பறிப்போர் அமரும் நிலை, தேயிலைக் கொழுந்து சுமக்கும் முறை, குமுளிப் பேருந்து நிலையத்தில் மும்மொழியில் எழுதப்பட்ட பெயர்ப்பலகைகளின் எழுத்தமைப்பு, தேக்கடிக்கு வரும் பயணிகள் வழி தேடித் தடுமாறும் இடங்கள் போன்றவை எல்லைப் பகுதி மாணவருக்கு அருகிலேயே கிடைக்கும் பொருள்கள். குழுவாகச் செய்த பணியாக இருப்பின், அதில் தமது பங்கு எது என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

சான்றிதழ்: எல்லைப் பகுதியின் தனிச் சிக்கல்

மத்திய அரசு கல்வி நிறுவனங்களில் பட்டியலினத்தவருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5 சதவீதம், இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 27 சதவீதம், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 சதவீதம் இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், வசதி படைத்த பிரிவில் அடங்காதவர் என்ற சான்றிதழை மத்திய அரசு வகுத்துள்ள படிவத்தில் பெற வேண்டும். மாநில அரசின் பயன்பாட்டுக்கு வழங்கப்படும் சாதிச் சான்றிதழ் இதற்குப் போதாது. குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு பெற்ற சான்றிதழையே பல நிறுவனங்கள் ஏற்பதால், பழைய சான்றிதழை நம்பியிருக்கக் கூடாது.

பட்டியலினத்தவர், பழங்குடியினர் பட்டியல்கள் மாநில வாரியாக அறிவிக்கப்படுகின்றன. ஒரு மாநிலத்தில் இடம்பெற்ற சமூகம் மற்றொரு மாநிலத்தில் இடம்பெறாமல் இருக்கலாம். இரு மாநிலப் பட்டியல்களிலும் ஒரே பெயர் இருந்தாலும், குடிபெயர்ந்தவர் புதிய மாநிலத்தில் அந்த மாநிலத்தின் சலுகையைத் தாமாகவே பெற்றுவிட முடியாது. உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 1990ஆம் ஆண்டு மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. அவ்வழக்கும் ஒரு மாணவரின் கல்லூரிச் சேர்க்கை தொடர்பானதே.

தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்து தலைமுறைகளாக இடுக்கித் தோட்டங்களில் வாழும் பட்டியலினக் குடும்பங்களை இது நேரடியாகப் பாதிக்கிறது. பட்டியலினத்தவருக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் தேதி வெளியிடப்பட்டது. அந்நாளில் முன்னோர் எந்தப் பகுதியில் நிலையாக வசித்தனர் என்பதே அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. அதற்கான ஆவணத்தைத் தோட்டக் குடியிருப்புகளில் வாழ்ந்தோர் காட்டுவது எளிதன்று.

எனினும், குடிபெயர்ந்தோருக்கு வேறொரு வழி உண்டு. தந்தைக்குப் பூர்வீக மாநிலத்தில் வழங்கப்பட்ட சான்றிதழின் அடிப்படையில், தற்போது வசிக்கும் மாநிலத்தின் வருவாய் அலுவலரிடம் குடிபெயர்ந்தோருக்குரிய படிவத்தில் சான்றிதழ் பெறலாம். மத்திய அரசு நிறுவனங்களின் இடஒதுக்கீட்டுக்கு இது பயன்படும். வசிக்கும் மாநிலத்தின் கல்லூரி இடஒதுக்கீட்டுக்குப் பயன்படாது. கேரளத்தில் குடியிருந்துகொண்டு தமிழகக் கல்லூரியில் மாநில ஒதுக்கீட்டை நாடுவோர், தமிழகத்தின் இருப்பிடச் சான்றிதழ் விதிகளைத் தனியே பார்க்க வேண்டும். எனவே சான்றிதழுக்கான பணியை நுழைவுத் தேர்வு விண்ணப்பத்துக்கு வெகு முன்பே தொடங்குவது அவசியம்.

வெளிநாட்டுக் கல்வி

பிரிட்டனில் கலை, வடிவமைப்பு முதுகலைப் படிப்புகள் பெரும்பாலும் ஓராண்டுக் காலம் கொண்டவை. இளநிலைப் பட்டம், படைப்புத் தொகுப்பு, நோக்க அறிக்கை, பரிந்துரைக் கடிதங்கள், ஆங்கில மொழித் தேர்வு மதிப்பெண் ஆகியவை கேட்கப்படுகின்றன. ஐஇஎல்டிஎஸ் தேர்வில் 6.5 மதிப்பெண் என்பது பரவலாகக் காணப்படும் அளவு. அமெரிக்காவில் எம்.எஃப்.ஏ. வழக்கமாக இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட காலம் கொண்டது. படைப்புத் துறையில் அதுவே இறுதிநிலைப் பட்டமாக அங்குக் கருதப்படுகிறது.

கல்வித் தகுதிகளைப் பரஸ்பரம் அங்கீகரிப்பதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் இந்தியாவும் பிரிட்டனும் 2022ஆம் ஆண்டு ஜூலையில் கையெழுத்திட்டன. ஓராண்டு முதுகலைப் பட்டத்துடன் திரும்பி இந்தியாவில் ஆசிரியப் பணியை நாடுவோருக்கு இது முக்கியமானது. இருப்பினும் சேர்வதற்கு முன்னர், அந்தப் பட்டத்துக்கு இந்தியாவில் உள்ள இணைத்தன்மையை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

சீட், டாட், நிஃப்ட் தேர்வுகளுக்கான விண்ணப்பப் பதிவு பெரும்பாலும் ஆண்டின் பிற்பகுதியில் நடைபெறுகிறது. ஆகவே இறுதியாண்டு மாணவர்கள் ஜூன், ஜூலை மாதங்களிலேயே பின்வருவனவற்றைச் சரிபார்ப்பது நல்லது:

* விரும்பும் நிறுவனத்தின் சேர்க்கைக் கையேட்டில் தமது பட்டத்தின் பெயரும் கால அளவும் இடம்பெற்றுள்ளனவா?

* நுழைவுத் தேர்வுக்குப் பின் அந்த நிறுவனத்துக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டுமா? அதற்கான கடைசித் தேதி என்ன?

* பட்டத்தின் இறுதி முடிவை எந்தத் தேதிக்குள் அளிக்க வேண்டும்? தமது பல்கலைக்கழகம் அதற்குள் முடிவை வெளியிடுமா?

* சாதி, வருமானச் சான்றிதழ்கள் உரிய படிவத்தில், உரிய மாநிலத்தில், உரிய தேதியில் பெறப்பட்டுள்ளனவா?

* பள்ளிச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், ஆதார் அட்டை ஆகியவற்றில் பெயரும் முதலெழுத்தும் ஒரே மாதிரி உள்ளனவா?

கடைசியாகக் குறிப்பிட்டது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் தமிழிலும் மலையாளத்திலும் வெவ்வேறு விதமாக எழுதப்பட்ட பெயர், ஆங்கிலத்தில் இரு வேறு எழுத்துக்கூட்டலுடன் பதிவாகியிருப்பது எல்லைப் பகுதியில் நிகழக்கூடியதே. சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் இதைத் திருத்துவது இயலாது. விதிமுறைகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால், அந்தந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் வெளியாகும் நடப்பாண்டு அறிவிப்பையே மாணவர்கள் இறுதியானதாகக் கொள்ள வேண்டும்.